கால்வாய்க் கரையில் ஒரு கவிஞர்

நுழையும்முன்

போரைப் பாடிய கவிஞர் பலர். போர்க்களத்தில் நின்று, போரின் கொடுமையை உணர்ந்து, அதிலிருந்து விலகியிருக்க வழி இருந்தும் மீண்டும் களத்துக்கே திரும்பியவர் சிலர். முதல் உலகப்போரில் பிரித்தானியக் காலாட்படை அதிகாரியாகப் பணியாற்றிய வில்பிரட் ஓவன் அச்சிலருள் ஒருவர். 25 ஆண்டுகளே நீடித்த அவருடைய வாழ்வையும், பிரான்சு நாட்டின் கால்வாய் ஒன்றை இருளில் கடக்க அவருடைய படை மேற்கொண்ட முயற்சியையும் இப்பாடம் விவரிக்கிறது.

இளமை

வில்பிரட் ஓவன் 1893ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் இங்கிலாந்தின் மேற்கு எல்லையில், வேல்சு நாட்டை ஒட்டிய ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊருக்கு அருகில் பிறந்தார். தந்தை டாம் ஓவன் இரயில்வே பணியாளர். தாய் சூசன் ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். நான்கு குழந்தைகளில் வில்பிரட் மூத்தவர். தாய்வழிப் பாட்டனாரின் இல்லத்தில் ஓரளவு வசதியுடன் வாழ்ந்த குடும்பம், 1897இல் அவர் மறைந்ததும் அவ்வீட்டை இழந்தது. தந்தையின் பணியிட மாற்றங்களுக்கேற்ப பர்க்கன்ஹெட் நகரிலும், பின்னர் ஷ்ரூஸ்பரி நகரிலும் வாடகை வீடுகளில் குடியிருந்தது.

வறுமை என்று சொல்லத்தக்க நிலை இல்லை. ஆயினும் மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் அளவுக்குக் கையில் பொருள் இல்லை. ஓவன் 1911இல் இலண்டன் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வில் வெற்றி பெற்றார். ஆனால், உதவித்தொகை கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் பெறவில்லை. அதனால் டன்ஸ்டன் என்னும் சிற்றூரின் திருச்சபையில் குருவானவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். தங்க இடமும் உணவும் கிடைத்தன. படிப்பதற்கு நேரமும் கிடைக்கும் என்று எண்ணினார். அங்கே அவர் கற்றது வேறு. நோயுற்றோரையும் ஏழைகளையும் வீடு வீடாகச் சென்று பார்த்தபோது, அவர்களுடைய துன்பத்துக்குத் திருச்சபை தரும் ஆறுதல் போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. மனம் கலங்கி, உடல் நலிந்து, 1913ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அப்பணியைத் துறந்தார். தாயின் சமயத்தோடு அவருக்கு ஏற்பட்ட இந்த விலகல் பின்னாளில் அவருடைய கல்லறை வரை தொடர்ந்து வருவதைக் காணலாம்.

சமயத்தில் விலகல் நேர்ந்தபோதும் தாயிடம் அவர் கொண்ட அன்பு குறையவில்லை. இன்று கிடைக்கும் அவருடைய கடிதங்கள் அறுநூற்றுக்கும் மேற்பட்டவை; அவற்றுள் பெரும்பாலானவை தாய்க்கு எழுதப்பட்டவை. ஒரு கவிஞரின் வாழ்வை இவ்வளவு விரிவாக நாம் அறிவதற்கு அக்கடிதங்களை ஒன்றுவிடாமல் காத்துவைத்த அத்தாயே காரணம்.

1913இல் பிரான்சு நாட்டின் போர்தோ நகருக்குச் சென்ற ஓவன், அங்கே ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். லொரான் தையாது என்னும் பிரெஞ்சுக் கவிஞரின் நட்பு அவருக்கு வாய்த்தது. கீட்சைத் தன் ஆசானாக எண்ணி, அவரைப் போலவே எழுத முயன்றுகொண்டிருந்த இளைஞர் அவர். 1914 ஆகஸ்டில் போர் மூண்டது. உடனே படையில் சேர அவர் விரையவில்லை. போர்தோ மருத்துவமனை ஒன்றில், காயமுற்ற வீரர்களுக்கு நடைபெற்ற அறுவை சிகிச்சைகளை ஒரு மருத்துவருடன் சென்று பார்த்தார். ஓராண்டு தயங்கியபின் இங்கிலாந்து திரும்பி, 1915 அக்டோபரில் படையில் பதிவு செய்துகொண்டார். 1916 ஜூன் மாதம் மான்செஸ்டர் ரெஜிமெண்டில் இரண்டாம் நிலை லெப்டினன்ட் ஆனார்.

களமும் காயமும்

1917 சனவரியில் ஓவன் பிரான்சின் சோம் பகுதியில் இரண்டாம் மான்செஸ்டர் பட்டாலியனில் சேர்ந்தார். அது கடுங்குளிர்காலம். இருதரப்புப் பதுங்குகுழிகளுக்கும் நடுவே, எவருக்கும் உரிமையற்ற நிலத்தில், செருமானியரிடமிருந்து கைப்பற்றிய நிலவறை ஒன்றை 25 வீரர்களுடன் காக்கும் பணி அவருக்கு இடப்பட்டது. நிலவறைக்குள் நீர் தேங்கியிருந்தது. மேலே குண்டுகள் ஓயாமல் விழுந்தன. ஏறத்தாழ 50 மணி நேரம் அவர்கள் அங்கே அடைபட்டிருந்தனர். வாயிலில் காவல் நின்ற வீரர் ஒருவர் குண்டுவெடிப்பில் பார்வை இழந்தார். அவ்வீரரின் குரல் ஓவனை விட்டு நீங்கவில்லை. ஓராண்டுக்கும் மேலான பிறகே அதைக் கவிதையாக எழுதி முடிக்க அவரால் இயன்றது.

மார்ச் மாதத்தில் இருளில் நடந்துசென்றபோது பாழடைந்த கட்டடம் ஒன்றின் ஆழ்ந்த அறைக்குள் விழுந்து தலையில் அடிபட்டார். ஏப்ரலில் சாவி என்னும் ஊருக்கருகே நடைபெற்ற தாக்குதலில், வெடித்த குண்டு ஒன்று அவரைத் தூக்கி எறிந்தது. இரயில் பாதையின் கரைச்சரிவில் இருந்த பள்ளத்தில் அவர் பல நாள்கள் கிடக்க நேர்ந்தது. சக அதிகாரி ஒருவரின் சிதைந்த உடல் அருகிலேயே இருந்தது. உடலில் பெருங்காயம் இல்லை. ஆனால் கை நடுங்கியது, பேச்சு தடுமாறியது, உறக்கத்தில் களம் திரும்பத் திரும்ப வந்தது. அக்கால மருத்துவர்கள் அதைக் குண்டதிர்ச்சி நோய் என்றனர். கோழைத்தனத்துக்கு இட்ட நாகரிகப் பெயர் அது என்று எண்ணிய அதிகாரிகளும் அக்காலப் படையில் இருந்தனர்.

1917 ஜூன் இறுதியில் எடின்பரோ நகரின் கிரெய்க்லாக்கர்ட் போர் மருத்துவமனைக்கு அவர் அனுப்பப்பட்டார். அங்கே ஆர்தர் பிராக் என்னும் மருத்துவர், செயலே மருந்து என்னும் கொள்கை உடையவர். நோயாளிகளை ஓய்ந்திருக்க விடாமல் வேலைகளில் ஈடுபடுத்தினார். ஓவன் மருத்துவமனை இதழின் ஆசிரியரானார். ஆகஸ்டு மாதத்தில், அதே மருத்துவமனைக்கு வந்திருந்த சீக்பிரிட் சசூன் என்னும் கவிஞரின் அறைக் கதவைத் தட்டினார். அவர் கையில் சசூனுடைய கவிதை நூலின் படிகள் இருந்தன. அவற்றில் கையொப்பம் பெறுவதே நோக்கம்.

சசூன் அஞ்சாமைக்காகப் பதக்கம் பெற்றவர். போரை நீட்டிப்பதை எதிர்த்து வெளிப்படையாக அறிக்கை விடுத்தவர். அவ்வறிக்கை பாராளுமன்றத்திலும் வாசிக்கப்பட்டது. அவரைத் தண்டித்துப் பெரும் விவாதத்தை எழுப்ப விரும்பாத அரசு, நோயாளி என்று கூறி மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தது. கண்ட காட்சியை அழகுபடுத்தாமல் எழுதலாம் என்பதை ஓவன் அவரிடமிருந்து கற்றார். சசூன் பென்சிலால் திருத்தங்கள் குறித்த ஓவனின் கையெழுத்துப் படி இன்றும் உள்ளது.

போரைப் பற்றி ஓவன் எழுதிய சிறந்த கவிதைகள் யாவும் இதன் பின் வந்த ஏறத்தாழ ஓராண்டுக்குள் எழுதப்பட்டவை. நாட்டுக்காக உயிர்விடுதல் இனியது என்று பாடிய உரோமானியக் கவிஞர் ஓரேசின் சொற்களையே தலைப்பாகக் கொண்டு, நச்சுப்புகையில் மூச்சுத்திணறி இறக்கும் வீரன் ஒருவனை அவர் எழுதிக் காட்டினார். அத்தலைப்பு அவர் கையில் கசப்பான எள்ளலாக மாறியது. ஓசையிலும் அவர் புதுமை செய்தார். ஆங்கிலச் செய்யுளில் அடியின் இறுதிச் சொற்கள் முழுமையாக இயைந்து வருதல் மரபு. ஓவன் மெய்யெழுத்துகளை மட்டும் ஒன்றச் செய்து, உயிரெழுத்தை மாற்றினார். தமிழில் வில், வேல் என்னும் சொற்களை அடுத்தடுத்துச் சொல்லிப் பார்த்தால் அவ்வோசை எத்தகையது என்பது விளங்கும். இயைபு வரப்போகிறது என்று காத்திருக்கும் செவிக்கு அது கிட்டாமல் நழுவுகிறது. சிதைந்துபோன உலகைப் பாட அதைவிடப் பொருத்தமான ஓசை கிடைத்திருக்காது.

திரும்பிச் செல்லுதல்

1917 அக்டோபர் இறுதியில் ஓவன் மருத்துவமனையிலிருந்து விடுவிக்கப்பட்டார். ஸ்கார்பரோவிலும் ரிப்பனிலும் உள்நாட்டுப் பணி கிடைத்தது. இலண்டன் எழுத்தாளர் வட்டம் அவரை ஏற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தது. பயிற்சி அதிகாரியாக இங்கிலாந்திலேயே அவரை இருக்கச் செய்ய நண்பர்கள் முயன்றனர். சசூனோ, அவர் மீண்டும் களத்துக்குச் செல்லக்கூடாது என்று கடுமையாகத் தடுத்தார்.

எனினும் ஓவன் சென்றார். இம்முடிவே அவருடைய வாழ்வில் விளக்கம் வேண்டுவது. போர் வீண் என்று எழுதியவர் போருக்கு ஏன் திரும்பினார்? 1918 ஜூலையில் சசூன் தலையில் குண்டடி பட்டு நாடு திரும்பினார். களத்தில் துன்புறும் வீரர்களுக்காகப் பேச அங்கே நின்று எழுதும் குரல் ஒன்று வேண்டும் என்றும், அவ்விடம் இப்போது வெறுமையாயிற்று என்றும் ஓவன் கருதினார். தான் எழுதுபவை சான்றாக மதிக்கப்பட வேண்டுமாயின் எழுதுபவர் தப்பியோடியவராக இருத்தல் கூடாது என்னும் எண்ணமும் இருந்தது. நடுக்க நோயால் களத்தை விட்டு வந்த ஒருவருக்கு அவ்வெண்ணம் எத்துணை வலியுடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சசூனிடம் அவர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. பிரான்சை அடைந்த பிறகே எழுதினார்.

புறப்படும் முன் தாயிடம் விடைபெற்றபோது, இரவீந்திரநாத் தாகூரின் கீதாஞ்சலியிலிருந்து பிரிவைக் குறித்த வரியொன்றைச் சொல்லிச் சென்றார். அவ்வரி அவருடைய குறிப்பேட்டிலும் தாகூரின் பெயருடன் எழுதப்பட்டிருந்தது. அவருடைய மறைவுக்குப் பிறகு, 1920இல், அத்தாய் தாகூருக்குக் கடிதம் எழுதி இதைத் தெரிவித்தார்; அவ்வரி எந்த நூலில் முழுமையாக உள்ளது என்றும் கேட்டிருந்தார்.

இரண்டாம் மான்செஸ்டர் பட்டாலியனில் மீண்டும் சேர்ந்த ஓவன், அக்டோபர் 1, 2 ஆகிய நாள்களில் ழோன்கூர் என்னும் ஊருக்கருகே செருமானிய அரண்வரிசை மீது நடந்த தாக்குதலில் பங்கேற்றார். கம்பெனித் தலைவர் வீழ்ந்ததும் பொறுப்பை ஏற்று, எதிர்த்தாக்குதலை முறியடித்தார். பகைவரிடமிருந்து கைப்பற்றிய இயந்திரத் துப்பாக்கியை அவரே இயக்கி எதிரிகளுக்குப் பேரிழப்பு ஏற்படுத்தினார். இதற்காக மிலிட்டரி கிராஸ் என்னும் விருதுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. இரக்கத்தைப் பாடிய கவிஞரின் கை கொன்ற கையும் ஆயிற்று. இவ்விரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் சொல்வது அவருடைய வாழ்வைச் சொன்னதாகாது.

கால்வாய்

1918 அக்டோபர் இறுதியில் செருமானியப் படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அதன் நட்பு நாடுகள் ஒவ்வொன்றாகப் போரிலிருந்து விலகின. நவம்பர் 3ஆம் நாள் ஆத்திரியா போர்நிறுத்தத்தில் கையொப்பமிட்டது. அதே நாளில் கீல் துறைமுகத்தில் செருமானியக் கடற்படையினரின் கிளர்ச்சி பெரிதாக வெடித்தது. முடிவு நெருங்கிவிட்டது என்பதைப் பலரும் உணர்ந்திருந்தனர். எனினும் செருமானியர் ஓய்வுகொண்டு புதிய அரண் அமைத்துவிட்டால் போர் அடுத்த ஆண்டுக்கு நீளக்கூடும் என்று நேச நாட்டுத் தளபதிகள் அஞ்சினர். ஆதலால் நவம்பர் 4ஆம் நாள் பிரித்தானியாவின் மூன்று படைகள் அகன்ற முனையில் ஒருசேரத் தாக்குவது என்று முடிவாயிற்று.

அம்முனையின் தென்பகுதியில் குறுக்கே கிடந்தது சாம்பர்–உவாஸ் கால்வாய். சரக்குப் படகுகள் செல்வதற்காக வெட்டப்பட்டது அது. அமைதிக் காலத்தில் அதன் கரையில் நடப்பவருக்கு அது ஓர் எளிய நீர்வழி. படை ஒன்றுக்கோ அகழி. பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்தன. இருபுறமும் நிலம் தாழ்ந்து சேறும் நீருமாக இருந்தது. கீழ்க்கரையில் செருமானியர் இயந்திரத் துப்பாக்கிகளை நிறுவியிருந்தனர். கோட்டை மதிலை வளைத்தலை உழிஞை என்றும், அகழி நீரில் நிகழும் போரைப் பாசி என்றும் தமிழ்ப் புறத்திணை நூல்கள் பெயரிட்டன. முற்றுகையிடுவோன் தன் வலிமை அனைத்தையும் ஒரு குறுகிய நீர்ப்பரப்பின் முன் இழக்க நேரும் இடம் அது என்பதை அந்நூலோர் அறிந்திருந்தனர்.

ஓர்ஸ் என்னும் சிற்றூரின் வடக்கே கால்வாயைக் கடக்கும் பணி 96ஆம் பிரிகேடுக்குக் கிடைத்தது. இரண்டாம் மான்செஸ்டர் பட்டாலியனும், அதன் அருகே 16ஆம் இலங்காஷயர் பியூசிலியர்ஸ் பட்டாலியனும் முன்செல்ல வேண்டும். அக்டோபர் இறுதியில் மான்செஸ்டர் படையினர் கால்வாய்க்கு மேற்கே உள்ள காட்டில் தங்கினர். அங்கிருந்த வனக்காவலர் இல்லத்தின் நிலவறையில், புகை சூழ்ந்த நெருக்கத்தில், தோழர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அக்டோபர் 31ஆம் நாள் ஓவன் தாய்க்குக் கடிதம் எழுதினார். மகிழ்ச்சியும் தோழமையும் நிறைந்த கடிதம் அது. அதன் பிறகு அவர் எழுதிய கடிதம் எதுவும் கிடைக்கவில்லை.

கால்வாயைக் கடக்கும் முறை எளிதாகத்தான் வகுக்கப்பட்டது. இருளில் படையினர் ஓசையின்றிக் கரையருகே வந்து சேர்வர். விடியலுக்கு முன் 5.45 மணிக்குப் பீரங்கிகள் எதிர்க்கரை மீது குண்டுமழை பொழியும். பகைவர் தலைதூக்க இயலாத அந்தச் சில நிமிடங்களுக்குள், பொறியாளர் படையினர் தக்கை மிதவைகளின் மீது அமைத்த நடைபாலத்தை நீரில் இறக்கி எதிர்க்கரையோடு பிணைப்பர். காலாட்படையினர் ஒருவர் பின் ஒருவராக அதன் மீது ஓடிக் கடப்பர். பீரங்கிக் குண்டுகள் அவர்களுக்கு முன்னே நகர்ந்து செல்லும். பாலம் மிதக்கும் நேரத்தையும் குண்டுமழை நீடிக்கும் நேரத்தையும் ஒன்றோடொன்று பொருத்துவதில்தான் எல்லாம் அடங்கியிருந்தது.

நவம்பர் 4ஆம் நாள் விடியுமுன் மூடுபனி கவிந்திருந்தது. குறித்த நேரத்தில் பீரங்கிகள் முழங்கின. பொறியாளர்கள் மிதவைகளைத் தோளில் சுமந்து கரைக்கு ஓடினர். பாலம் நீரில் இறங்கியது; ஆனால் முழுமை பெறுவதற்குள் எதிர்க்கரைத் துப்பாக்கிகள் மீண்டும் உயிர்பெற்றன. செருமானியப் பீரங்கிகளும் சேர்ந்துகொண்டன. மிதவைகள் துளைபட்டன, பாலம் அறுந்தது. 218ஆம் பொறியாளர் கம்பெனியின் அதிகாரிகளில் பலர் கொல்லப்பட்டனர் அல்லது காயமுற்றனர். அதன் தலைவர் மேஜர் ஆர்னால்டு வாட்டர்ஸ் தானே முன்வந்து நீரின் மேல் நின்று பழுது பார்த்தார். அவருடன் ஆடம் ஆர்ச்சிபால்டு என்னும் எளிய பொறியாளர் படைவீரர் மிதவைகளின் மீது தொடர்ந்து உழைத்தார். சில முழத் தொலைவிலிருந்து அவர்களை நோக்கிச் சுட்டனர். ஆர்ச்சிபால்டு தன் பணியை முடித்த பிறகே நச்சுப்புகையால் மயங்கி விழுந்தார்.

அவர்களுக்குக் காப்பாக, மான்செஸ்டர் படையின் இளம் அதிகாரி ஜேம்ஸ் கிர்க் ஒரு துப்பாக்கியுடன் தெப்பத்தில் ஏறித் துடுப்பிட்டுக் கால்வாயைக் கடந்தார். எதிர்க்கரைக்கு ஏறத்தாழ 10 கெச தூரத்தில் நின்று தோட்டாக்கள் தீரும்வரை சுட்டார். மேலும் தோட்டாக்கள் தெப்பத்தில் அனுப்பப்பட்டன. முகத்திலும் கையிலும் காயம்பட்ட பின்னும் சுடுவதை அவர் நிறுத்தவில்லை. அந்த இடைவெளியில் பாலம் இணைக்கப்பட்டது; இரண்டு பிளாட்டூன் வீரர்கள் கடந்து சென்றனர். பிறகு கிர்க் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். அவருக்கு வயது 21. பாலம் மீண்டும் உடைந்தது. அருகில் 16ஆம் இலங்காஷயர் பட்டாலியனின் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஜான் மார்ஷல், கரையில் வெளிப்படையாக நின்று பாலம் பழுதுபார்ப்போரை ஊக்கினார். முதற்குழு வீழ்ந்ததும் மறுகுழுவை ஏற்படுத்தினார். அவரும் முன்னின்று கடக்க முயன்றபோது கொல்லப்பட்டார். இந்நால்வருக்கும் பிரித்தானியாவின் உயரிய வீரவிருதான விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. ஒரே காலையில், கால்வாயின் ஒரு சிறு பகுதியில், நான்கு பேர் அவ்விருதைப் பெற்றனர் என்பதிலிருந்து அங்கே நிலவிய நிலையை ஊகிக்கலாம்.

அக்கரையில்தான் ஓவனும் இருந்தார். தன் வீரர்களிடையே நடந்து, தட்டிக்கொடுத்து, அவர்களுக்கு ஊக்கம் அளித்தவாறு இருந்ததைக் கண்டவர்கள் உண்டு. கால்வாயைக் கடக்கும் அம்முயற்சியில் அவர் சுடப்பட்டு இறந்தார். விருது பெறத்தக்க தனிச்செயல் எதுவும் அவர் பெயரில் அன்று பதிவாகவில்லை. பலரோடு ஒருவராக அவர் வீழ்ந்தார்.

அவ்விடத்தில் கால்வாயைக் கடக்கும் முயற்சி கைவிடப்பட்டது. எஞ்சியோர் மேற்குக் கரையின் மறைவுக்குத் திரும்பினர். ஓர்ஸ் ஊருக்குத் தெற்கே முதலாம் டார்செட்ஷயர் பட்டாலியன் பாலம் அமைத்து வெற்றியுடன் கடந்திருந்தது. மான்செஸ்டர் படையினர் பிற்பாடு அவ்வழியே கால்வாயைத் தாண்டினர். அன்றைய நாளின் முடிவில் செருமானிய அரண்வரிசை பல இடங்களில் உடைந்தது. ஓவன் இறந்த கரையின் முன்னே இருந்த பகைவர் பின்வாங்கியது, அவரும் தோழர்களும் அங்கே கடந்ததால் அன்று. வேறிடத்தில் வேறு படை கடந்ததால். நவம்பர் 7ஆம் நாள் செருமானியத் தூதுக்குழு வெள்ளைக்கொடியுடன் எல்லை கடந்து வந்தது. நவம்பர் 11ஆம் நாள் காலை 11 மணிக்குப் போர் நின்றது.

அந்நாளில் ஷ்ரூஸ்பரி நகரின் தேவாலய மணிகள் அமைதியைக் கொண்டாடி ஒலித்துக்கொண்டிருந்தபோது ஓவனின் இல்லக் கதவு தட்டப்பட்டது. மகன் இறந்த செய்தியைக் கூறும் தந்தி பெற்றோர் கைக்கு வந்தது.

மறைவுக்குப் பின்

ஓவன் வாழ்ந்த காலத்தில் அவருடைய கவிதைகளில் ஐந்தே அச்சேறியிருந்தன. அவற்றுள் இரண்டு மருத்துவமனை இதழில் பெயரின்றி வெளிவந்தவை. ஒரு நூல் வெளியிட எண்ணி 1918இல் அவர் முன்னுரை ஒன்றையும் வரைந்து வைத்திருந்தார். வீரர்களின் புகழைப் பாடுவது தன் நோக்கம் இல்லை என்றும், போரும் அது எழுப்பும் இரக்கமுமே தன் பாடுபொருள் என்றும் அதில் அவர் வரையறுத்தார். 1920இல் சசூனின் முன்னுரையுடன் அவருடைய முதல் தொகுப்பு வெளிவந்தது. கவிஞர் எடித் சிட்வெல்லும் அதன் உருவாக்கத்தில் பங்காற்றினார். 1931இல் எட்மண்ட் பிளண்டனும், 1963இல் செசில் டே லூயிசும் விரிவான பதிப்புகளைக் கொண்டுவந்தனர்.

எல்லாரும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அயர்லாந்தின் பெருங்கவிஞர் யேட்சு, 1936இல் தாம் தொகுத்த ஆக்சுபோர்டு தொகைநூலில் ஓவனுக்கு இடம் தரவில்லை. செயலற்று அனுபவிக்கும் துன்பம் கவிதைக்குப் பொருளாகாது என்பது அவருடைய கருத்து. இழந்தவரின் செயலற்ற துயரையே கையறுநிலை என்று ஒரு துறையாக வகுத்த மொழியில் பயில்வோருக்கு இக்கருத்து வியப்பளிக்கும். 1962இல் கோவென்ட்ரி நகரில், குண்டுவீச்சில் அழிந்த தேவாலயத்துக்கு அருகே எழுந்த புதிய ஆலயத்தின் அர்ப்பணிப்புக்காக பெஞ்சமின் பிரிட்டன் அமைத்த இசைப்படைப்பில் ஓவனின் ஒன்பது கவிதைகள் இடம்பெற்றன. 1985இல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் முதல் உலகப்போர்க் கவிஞர் 16 பேரின் பெயர்களைத் தாங்கிய கல் பதிக்கப்பட்டபோது, அதில் பொறிப்பதற்கு ஓவனின் முன்னுரைச் சொற்களே தேர்ந்தெடுக்கப்பட்டன.

குடும்பத்தார் அவரை நினைவில் வைத்திருந்த விதமும் கருதத்தக்கது. மிலிட்டரி கிராஸ் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. பகைவரின் துப்பாக்கியை இயக்கி அவர்களுக்குப் பேரிழப்பு ஏற்படுத்தினார் என்று விருதுக் குறிப்பு கூறியது. 1967இல் அவருடைய தம்பி ஹெரால்டு பதிப்பாசிரியராக இருந்து வெளிவந்த கடிதத் தொகுப்பில், அத்துப்பாக்கியைக் கைப்பற்றிப் பலரைச் சிறைப்பிடித்தார் என்று அக்குறிப்பு மாறியிருந்தது. அண்ணன் கொன்றார் என்று அச்சில் காண விரும்பாத அன்பின் திருத்தம் அது. பின்வந்த ஆய்வாளர்கள் மூலக்குறிப்பை மீட்டனர்.

ஓர்ஸ் ஊர்ப் பொதுக் கல்லறைத் தோட்டத்தில், ஊரார் கல்லறைகளுக்குப் பின்னே போர்வீரர் கற்கள் சில வரிசையாக நிற்கின்றன. கிர்க்கும் மார்ஷலும் அங்கேயே துயில்கின்றனர். அவ்வரிசையில் ஓவனின் கல்லும் உள்ளது. உயரத்திலும் வடிவிலும் மற்றவற்றிலிருந்து அது வேறுபடவில்லை. கல்லில் பொறிக்கும் சொற்களை அவருடைய கவிதை ஒன்றிலிருந்து தாய் சூசன் தேர்ந்தெடுத்தார். மூலக் கவிதையில் அவ்வரிகள் இரண்டு வினாக்களாக உள்ளன. இறந்தோரின் உடல்களுக்கு மறுவாழ்வு உண்டா என்பது முதல் வினா. சாவு முழுதும் நீங்கிவிடுமா என்பது இரண்டாவது. கவிதை அதன்பின் தரும் விடையில் ஆறுதல் இல்லை. கல்லிலோ முதல் வினா மட்டும் வினாவாகவே நிற்க, இரண்டாவது வினாவின் குறி நீங்கி, அது உறுதிமொழியாக மாறியுள்ளது.